மூளைக்குள் ஒரு காவற்படை

'வயதாகிவிட்டது, அதனால் மறதி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். சாவியை வைத்த இடம் மறப்பதும், தெரிந்தவரின் பெயர் நாவின் நுனியில் வந்து நின்றுவிடுவதும் முதுமையில் இயல்பே. ஆனால் உண்டு கை கழுவியவர் மீண்டும் இலை போடச் சொல்வதும், பெற்ற மகளைப் பார்த்தே 'நீ யாரம்மா?' என்று வினவுவதும் முதுமையின் கணக்கில் சேரா. அவை நோயின் அடையாளங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இத்தகைய அறிவுத்தேய்வு இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 88 இலட்சம் பேர். உலக அளவில் இத்தகையோரில் பாதிக்கு மேற்பட்டோரைப் பீடித்திருப்பது அல்சைமர் நோய்.

அந்நோயில் நரம்புச் செல்கள் மடிகின்றன என்பது பலரும் அறிந்ததே. அச்செல்களுக்கு அருகிலேயே இருந்துகொண்டு, அவற்றைக் காக்கவும் சில வேளைகளில் அழிக்கவும் செய்கிற வேறொரு கூட்டத்தைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறேன். அது நம் உடலின் நோய்த் தடுப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. சளிக்கும் காய்ச்சலுக்கும் எதிராகப் போரிடும் மண்டலத்துக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் மருத்துவ உலகமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பிராங்க்பர்ட்டில் தொடங்கிய கதை

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் நாள்தோறும் கேள்விகள் கேட்டு, அவர் கூறிய விடைகளை அப்படியே குறித்துவைத்தார். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தார். அப்போது மியூனிக் நகருக்கு மாறியிருந்த அல்சைமர் அவரது மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகளும், செல்களுக்கு உள்ளே சிக்குண்ட நூல் போன்ற இழைகளும் தென்பட்டன. வெளியே இருப்பது அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு என்றும், உள்ளே இருப்பது டௌ என்ற புரதம் என்றும் பிற்காலத்தில் தெரியவந்தது.

அல்சைமர் 1907-இல் வெளியிட்ட சிறிய அறிக்கையில் மூன்றாவதாகவும் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். கிளியா எனப்படும் துணைச் செல்கள் மிகுதியாக இழைகளை உண்டாக்கியிருந்தன. அவற்றுள் பலவற்றில் கொழுப்புப் பைகள் நிறைந்திருந்தன என்பது அக்குறிப்பு. திட்டும் இழையும் பாடநூல்களில் இடம்பெற்றன. இந்த மூன்றாவது குறிப்பை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்புச் செல்களை ஒட்டவைத்துத் தாங்கும் பசைதான் இது என்றெண்ணி ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1856-இல் இப்பெயரைச் சூட்டினார். பெயர் சிறிதாக அமைந்துவிட்டால் பொருளும் சிறிதாகவே தோன்றும் போலும்! 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்டேகா, வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு சாயமேற்றும் புது முறையொன்றால் இக்கூட்டத்தில் ஒரு தனி இனத்தைப் பிரித்துக் காட்டினார். சின்னஞ்சிறு உடல், அதிலிருந்து நாற்புறமும் கிளைத்த மெல்லிய கரங்கள். இவற்றுக்கு மைக்ரோகிளியா, அதாவது நுண்கிளியா என்று பெயரிட்டார். காயம் பட்ட இடத்தில் இவை கரங்களைச் சுருக்கிக்கொண்டு உருண்டு திரண்டு, சிதைவுகளை விழுங்கும் என்பதையும் அவரே கண்டார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஒர்டேகா பணியாற்றியது நோபல் பரிசு பெற்ற மேதை கஹாலின் ஆய்வுக்கூடத்தில். கஹால் 'மூன்றாம் கூறு' என்று ஒன்றாகச் சொல்லிவைத்திருந்ததை இவர் இரண்டு வேறு செல்லினங்கள் என்று பிரித்துவிட்டார். மூத்தவருக்கு அது உவப்பாக இல்லை. மனக்கசப்பு வளர்ந்து, 1920-இல் ஒர்டேகா அக்கூடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. உண்மை இளையவர் பக்கமே இருந்தது.

கோட்டையும் கோட்டைக்குள் இருப்போரும்

இவ்வளவு தெரிந்தபின்னும் நோய்த் தடுப்பு மண்டலத்தையும் மூளையையும் இணைத்துப் பார்க்க அறிஞர்கள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. மூளையின் இரத்தக் குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போன்றதன்று. அதன் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி ஒட்டியிருப்பதால் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் எளிதில் உள்ளே நுழைய முடியாது. 1948-இல் பீட்டர் மெடவார், முயலின் மூளைக்குள் வேறொரு முயலின் தோலை வைத்து ஆராய்ந்தார். உடலின் வேறிடத்தில் வைத்திருந்தால் சில நாட்களில் ஒதுக்கப்பட்டிருக்கும் தோல், மூளைக்குள் ஒதுக்கப்படாமல் இருந்தது. இதிலிருந்து மூளை நோய்த் தடுப்பின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தனிச் சலுகை பெற்ற பகுதி என்ற கருத்து வேரூன்றியது. அதே முயலின் மார்பில் முன்னதாகவே அந்நியத் தோலை ஒட்டியிருந்தால், மூளையிலிருந்த தோலும் ஒதுக்கப்பட்டது என்பதையும் மெடவார் எழுதியிருந்தார். அந்தப் பகுதியைப் படித்தவர்கள் குறைவு போலும்.

கோட்டைக்குள் வெளியார் நுழைவது அரிது என்பது மெய்தான். ஆனால் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த காவலர்கள் இருக்கிறார்கள். அவையே நுண்கிளியாக்கள். மூளையிலுள்ள செல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவை. இவை எங்கிருந்து வந்தன என்பது 2010-இல் எலிகளில் செய்த ஆய்வில் தெளிவாயிற்று. கரு உருவான தொடக்க நாட்களில், எலும்பு மச்சை தோன்றுவதற்கு முன்பே, கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளையில் குடியேறியவை இவை. அதன்பின் வெளியிலிருந்து ஆள் சேர்க்காமல் தாமே பெருகி வாழ்கின்றன.

ஓய்வாக இருக்கும் நுண்கிளியா உறங்கிக் கிடக்கிறது என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. 2005-இல் உயிருள்ள எலியின் மூளையைச் சிறப்பு நுண்ணோக்கியால் படம் பிடித்தபோது அக்கருத்து பொய்த்தது. செல்லின் உடல் நின்ற இடத்தில் நிற்கிறது; கரங்களோ ஓயாமல் நீண்டும் மடங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. சில மணி நேரத்துக்குள் மூளையின் இண்டு இடுக்கு முழுவதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுகின்றன. ஊர் அடங்கியபின் தெருத்தெருவாகக் கோலைத் தட்டிக்கொண்டு வரும் கூர்க்காவைப் போன்றவை இவை எனலாம்.

காவல் மட்டும் இவற்றின் வேலையன்று. குழந்தைப் பருவத்தில் நம் மூளையில் தேவைக்கு மேல் நரம்பிணைப்புகள் உண்டாகின்றன. பயன்படாதவற்றைக் களைந்தால்தான் மற்றவை செழிக்கும். சாலையை அகலப்படுத்துமுன், வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் களைய வேண்டிய இணைப்புகளின்மேல் 'காம்ப்ளிமென்ட்' என்னும் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. நுண்கிளியா அந்தக் குறியைக் கண்டு இணைப்பை விழுங்குகிறது. கிருமிகளின்மேல் குறி போடுவதற்கென்றே இரத்தத்தில் இருப்பவை என நாம் படிக்கும் அதே புரதங்கள்தாம் இவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் ஸ்டீவன்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் இதனை வெளிக்கொணர்ந்தனர். 2016-இல் அவர்கள் கண்டது இன்னும் திடுக்கிட வைப்பது. அல்சைமர் நோய்க்கு மாதிரியாக வளர்க்கப்பட்ட எலிகளில், திட்டுகள் படியும் முன்னரே, வளர்ந்த மூளையில் மீண்டும் இந்தக் குறி போடும் வேலை தொடங்கிவிடுகிறது. குறி போடும் புரதத்தைத் தடுத்தபோது இணைப்புகள் பிழைத்தன. குழந்தைப் பருவத்தோடு முடிந்திருக்க வேண்டிய களையெடுப்பு, காலந்தவறி, பயிரையே பிடுங்கத் தொடங்கிவிடுகிறது என்று இதனைக் கூறலாம்.

அடக்கிப் பார்த்தார்கள்

காவலர்கள்மீது முதன்முதலில் வலுவான ஐயத்தைக் கிளப்பியவர் கனடாவின் வான்கூவர் நகரப் பேராசிரியர் பாட்ரிக் மக்கீர். இவர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடா கூடைப்பந்து அணியில் ஆடியவர். பின்னாளில் மாநில அமைச்சராகவும் இருந்தவர். ஒரு மனிதர் எத்தனை துறைகளில் கால் வைக்கலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவரும் இவர் துணைவியார் ஈடித்தும் உடன் பணியாற்றியோரும் 1988-இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையையும், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயாளிகளின் மூளையையும் ஆராய்ந்தனர். செல்கள் மடிந்துவரும் பகுதிகளில் நுண்கிளியாக்கள் போர்க்கோலம் பூண்டு நின்றன. போர் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமான புரதக் கொடியொன்றை அவை தம் மேற்பரப்பில் ஏந்தியிருந்தன.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் நோய் அடங்குமா? மூட்டுவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அழற்சி நீக்கும் மாத்திரைகளை உட்கொண்டோரிடம் அல்சைமர் நோய் குறைவாகக் காணப்படுவதாக மக்கீர் கூறினார். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஏறத்தாழ 7,000 முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியான ஆய்வும் அதையே உறுதி செய்வது போலிருந்தது. உற்சாகம் பெருகியது. அதே ஆண்டில் அமெரிக்காவில், குடும்பத்தில் இந்நோய் உள்ள 70 வயதைக் கடந்த சுமார் 2,500 பேரைச் சேர்த்து, நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற இரு மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கியது. இதயத்துக்கு ஆபத்து என்ற ஐயம் எழவே 2004 டிசம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. கிடைத்த முடிவுகளில் மருந்து நோயைத் தடுத்ததாகக் காணவில்லை.

பலரைக் கவனித்துப் பார்ப்பது வேறு, மருந்து கொடுத்துச் சோதிப்பது வேறு என்பதற்கு அறிவியல் மாணவர் எவரும் மறக்கக்கூடாத பாடம் இது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவு என்றால், மாத்திரைதான் காரணமா, அல்லது அத்தகையோரிடம் இயல்பாகவே உள்ள வேறொன்றா என்பது கவனிப்பால் மட்டும் விளங்குவதில்லை. தவிரவும், நோய் மூளைக்குள் கருக்கொண்டு பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தே மறதி வெளித் தெரிகிறது. எந்தக் கட்டத்தில் அழற்சியை அடக்குவது?

காவலர் இல்லாவிட்டால்?

2013-இல் நிலைமை தலைகீழாக மாறியது. ஐஸ்லாந்திலும் இங்கிலாந்திலும் இரு குழுவினர் தனித்தனியே ஒரே ஜீனைச் சுட்டிக் காட்டினர். அதன் பெயர் டிரெம்-2. இந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தில் 47-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் அமைந்துவிட்டால், அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மூளையில் இப்புரதம் நரம்புச் செல்லில் இல்லை. நுண்கிளியாவின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. சிதைந்த கொழுப்பையும் புரதத்தையும் மோப்பம் பிடிக்கும் உணர்கொம்பு அது. அந்த ஒரே எழுத்து மாறினால் கொம்பு மழுங்கிவிடுகிறது.

இம்மாற்றம் அரியதுதான். ஆனால் நோய்க்குப்பின் வந்த கூச்சலே அழற்சி என்று இனி ஒதுக்கிவிட முடியாது. ஜீன் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. நோய் பின்னரே வருகிறது. எனவே காரணச் சங்கிலியில் நுண்கிளியாவும் ஒரு கண்ணி என்றாகிறது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. இங்கே நோய்க்கு வழிகோலுவது காவலரின் மிகை வேகமன்று, அவரது சோர்வு. ஆரோக்கியமான நுண்கிளியாக்கள் அமிலாய்டுத் திட்டைச் சூழ்ந்து வேலி கட்டுகின்றன. டிரெம்-2 இல்லாத எலிகளில் அந்த வேலி அமைவதில்லை. திட்டிலிருந்து முட்கள் போல் இழைகள் பரவி அருகிலுள்ள நரம்புகளைச் சிதைக்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற டிரெம்-2 ஜீனைப் பெற்றவர்களுக்கு நாசு-ஹகோலா நோய் என்ற ஒன்று வருகிறது. ஜப்பானிலும் பின்லாந்திலும் முதலில் விவரிக்கப்பட்டது. இளமையிலேயே எலும்புகளில் குழிகள் விழுந்து முறிவு ஏற்படும்; நாற்பதை எட்டுமுன்போ எட்டியதுமோ அறிவு தேயும்.

இதைக் கண்டதும், காவலரைத் தூண்டிவிட்டால் போதும் என்று எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினார்கள். டிரெம்-2-ஐத் தட்டியெழுப்பும் ஓர் எதிர்ப்பொருளைத் தொடக்க நிலை நோயாளிகளுக்கு அளித்த சோதனை 2024 நவம்பரில் தோல்வி என அறிவிக்கப்பட்டது. அடக்கியும் பார்த்தாயிற்று, தூண்டியும் பார்த்தாயிற்று.

'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று பொடிகளுக்கும் பானங்களுக்கும் செய்யப்படும் விளம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைகள் நினைவுக்கு வருகின்றன. எதிர்ப்பு சக்தி என்பது தொட்டியில் நிற்கும் தண்ணீர் போல அளவில் கூட்டவும் குறைக்கவும் கூடியது என்றே அந்த விளம்பரங்கள் நம்மை எண்ண வைக்கின்றன. ஒரே செல் ஒரு வயதில் களையெடுக்கிறது, மற்றொரு வயதில் பயிரைத் தின்கிறது, ஒரு கட்டத்தில் வேலி கட்டுகிறது, வேறொரு கட்டத்தில் தீ மூட்டுகிறது. இதில் எதைப் பெருக்கித் தருவதாக அந்தப் பொடி சொல்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

அமிலாய்டை நோக்கி ஏவியவை

காவற்படையைப் பொதுவாக முடுக்காமல், குறிப்பிட்ட இலக்கைக் காட்டி ஏவும் முயற்சி இதற்கிடையே தனியாக நடந்துவந்தது. 1999-இல் டேல் ஷெங்க் என்பவரின் குழு, அமிலாய்டையே தடுப்பூசியாக எலிகளுக்குச் செலுத்தியது. திட்டுகள் கரைந்தன. இதே ஊசியை மனிதருக்குப் போட்டபோது சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி கண்டது. 2002 ஜனவரியில் சோதனை நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்றுப் பின்னர் இறந்த சிலரின் மூளையைப் பார்த்தபோது, திட்டுகள் ஏறக்குறைய அறவே நீங்கியிருந்தும் அறிவுத்தேய்வு நிற்கவில்லை எனத் தெரிந்தது.

தடுப்பூசிக்குப் பதிலாக, ஆய்வுக்கூடத்தில் தயாரித்த எதிர்ப்பொருளையே ஊசி மூலம் ஏற்றும் முறை பின்னர் வந்தது. எதிர்ப்பொருளின் ஒரு முனை அமிலாய்டைப் பற்றும். மறுமுனையை நுண்கிளியா பற்றிக்கொண்டு விழுங்கும். லெக்கனிமாப் என்ற மருந்து 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டு, 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. டொனனிமாப் 2024-இல் பெற்றது. லெக்கனிமாப் நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. கணக்கு சரியே. 18 புள்ளி கொண்ட அளவுகோலில் இரு குழுவினருக்குமிடையே இருந்த வேறுபாடு 0.45 புள்ளி என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் படிப்போர் தாமே எடை போட்டுப் பார்த்திருப்பார்கள். மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது; பெரும்பாலோர் அதை உணரவில்லை. நோயைப் போக்கும் மருந்தாக இதனைக் கொள்வதற்கில்லை. ஆயினும் நூறு ஆண்டுகளாக அசையாத கதவு விரலளவு திறந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

அக்கியும் அறிவுத்தேய்வும்

கடைசியாக, எவரும் திட்டமிடாமலே நடந்துவிட்ட ஒரு சோதனை. நம் ஊரில் அக்கி என்று சொல்லி, குயவரிடம் சென்று காவிமண்ணால் 'அக்கி எழுதி' வருகிறார்களே, அந்த நோய்க்குக் காரணம் சின்னம்மைக் கிருமி. சின்னம்மை இறங்கியபின்னும் அது நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, முதுமையில் தலைதூக்குகிறது. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் 1 அன்று அக்கிக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 80 வயது நிரம்பியவர்களுக்குக் கிடையாது என்று விதி. ஆகவே 1933 செப்டம்பர் 2-க்குச் சில நாட்கள் முன் பிறந்தவருக்கு ஊசி இல்லை. சில நாட்கள் பின் பிறந்தவருக்கு உண்டு. இவ்விரு சாராருக்கும் உணவிலோ கல்வியிலோ வருவாயிலோ வேறுபாடு இருக்கக் காரணமில்லை. பிறந்த தேதி ஒன்றே வேறுபாடு. ராட்டர்டாம் ஆய்வில் கிடைக்காத தெளிவு இங்கே தானாகவே வாய்த்தது.

2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்து இதன் முடிவு 2025 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டோரிடம் அடுத்த ஏழு ஆண்டுகளில் புதிதாக அறிவுத்தேய்வு கண்டறியப்படுவது சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் பலன் மிகுதி. கிருமி விழித்தெழாமல் இருந்ததால் மூளையின் அழற்சி குறைந்ததா, அல்லது ஊசியே காவற்படையைப் பொதுவாகப் பழக்கிவிட்டதா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. வேல்ஸில் அப்போது போட்டது வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி ஊசி. 2023 முதல் பிரிட்டனில் கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் கொண்ட புது ஊசி அதனிடத்தைப் பிடித்திருக்கிறது. அதே ஆண்டில் அது இந்தியாவிலும் 50 வயதைக் கடந்தோருக்காக விற்பனைக்கு வந்தது. அமெரிக்க மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு குழுவினர் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய ஊசி போட்டுக்கொண்டோரைவிடப் புது ஊசி போட்டுக்கொண்டோர் அறிவுத்தேய்வு இன்றிக் கழித்த காலம் 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது.